தெர்மோஸ்டாட்டை எந்தச் சுவரில் மாட்டுவது?

ரொறன்ரோவில் குளிர் இறங்கத் தொடங்கியதும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணை, தெர்மோஸ்டாட்டிலை 22 எண்டு காட்டுது, ஆனால் வீடு குளிருது. பர்னஸ் பழுதாப் போச்சோ?" பர்னஸும் ஏசியும் திருத்துவது என் தொழில். போய்ப் பார்ப்பேன். சில வீடுகளில் வடிகட்டியில் தூசி அடைத்துக் கிடக்கும், மாற்றினால் சரியாகிவிடும். சில வீடுகளில் உண்மையாகவே பழுது இருக்கும். ஆனால் பல வீடுகளில் பர்னஸ் ஒழுங்காக எரியும், காற்று ஒழுங்காக வரும். பிழை தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கும் சுவரில் இருக்கும்.

எந்தத் தெர்மோஸ்டாட் வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே மாட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. வீடு கட்டியவர் வயரை எங்கே விட்டுப் போனாரோ, அங்கேயே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுகிறோம். எவ்வளவு விலையான கருவியாக இருந்தாலும், இடம் பிழையென்றால் அதன் முடிவும் பிழையாகத்தான் இருக்கும்.

அதனால் இந்தப் பதிவு இரண்டையும் பற்றியது: எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது. ஒன்ராறியோவில் எங்கள் சனம் பெரும்பாலும் இருக்கும் வகை வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். பேஸ்மென்டில் இயற்கை எரிவாயுவில் எரியும் பர்னஸ், அதிலிருந்து தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும் சூடான காற்று, வீடு முழுவதற்கும் ஒரேயொரு தெர்மோஸ்டாட்.

அது எதை அளக்கிறது?

சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு வீட்டின் சூடு தெரியாது. தன்னைச் சுற்றியுள்ள ஒரு சாண் காற்றின் சூடும், தன் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரின் சூடும்தான் தெரியும். நீங்கள் 21 என்று வைத்தால், அந்தக் காற்று 21க்குச் சற்றுக் கீழே இறங்கியதும் உள்ளே இரண்டு வயர்களை இணைக்கும். பர்னஸ் பற்றிக்கொள்ளும். அதே காற்று 21க்கு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும். பர்னஸ் நின்றுவிடும். மேல்மாடியில் யார் விறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதற்கு எட்டாது.

மார்க்கத்தில் ஒரு வீடு. புதிய வீடு, குசினியும் சாப்பாட்டு இடமும் இருக்கும் இடமும் சுவரில்லாமல் ஒன்றாகத் திறந்து கிடக்கும் அமைப்பு. தெர்மோஸ்டாட் குசினிப் பக்கத்துச் சுவரில். பின்னேரம் ஆறு மணிக்கு அடுப்பு நாலும் எரியும். தோசைக்கல் ஒன்றில், குழம்பு ஒன்றில், பொரியல் ஒன்றில். அந்தச் சுவர் இலகுவில் 24ஐத் தாண்டிவிடும். பர்னஸ் பேசாமல் நிற்கும். மேல்மாடியில், கராஜுக்கு மேலே இருக்கும் அறையில் அந்த வீட்டு மாமி போர்வைக்குள் சுருண்டிருப்பார். "குளிருது எண்டு சொன்னால், மகன் போய்ப் பார்த்திட்டு 23 இருக்கு அம்மா எண்டுறான் தம்பி. நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறானோ தெரியேல்லை" என்றார் என்னிடம்.

மகனும் பொய் சொல்லவில்லை, மாமியும் பொய் சொல்லவில்லை. இருவரும் இரண்டு வேறு காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடுகளில் வயது போனவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் அறை பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டிலிருந்து தொலைவில் இருக்கும் அறை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. சுவரில் தெரியும் எண் அந்த அளவைத் தாண்டியிருக்கும்போதே, அவர்கள் படுக்கும் அறை அதற்குக் கீழே இருக்கலாம்.

வகுப்பு வகுப்பாக நடந்த மனிதர்

இந்தக் கருவி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் பேராசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் கல்லூரிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து, சூடு எவ்வளவு என்று பார்த்து, பிறகு நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போய்ச் சூட்டைக் கூட்டிக் குறைப்பார். பாடம் நடுவில் குழம்பும். அதற்கு மாற்றாக ஜான்சன் ஒரு மின் கருவியைச் செய்தார். அறையின் சூடு மாறினால் கீழே மணி அடிக்கும். பணியாளர் மேலே வரவேண்டியதில்லை. 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ்.

அதற்குப் பிறகு வேறு பல வந்தன. 1953இல் ஹனிவெல் நிறுவனம் கொண்டுவந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட், ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்தது, வட அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்தது. பழைய ஸ்காபரோ வீடுகளில் இன்றும் அதைப் பார்க்கிறேன். 2007இல் ரொறன்ரோவிலேயே தொடங்கிய எக்கோபீ நிறுவனம், தெர்மோஸ்டாட்டை வைஃபையோடு இணைத்த முன்னோடிகளில் ஒன்று.

நூற்று நாற்பது ஆண்டுகளில் கருவி எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் அந்தப் பணியாளர் செய்த ஒரு வேலையை எந்தக் கருவியும் முழுதாகச் செய்வதில்லை: அவர் எல்லா வகுப்புகளுக்கும் போனார். தெர்மோஸ்டாட் ஓரிடத்தில் நிற்கிறது. ஆகவே அதை மாட்டுவதற்கு முன், அவர் நடந்த நடையை நீங்கள் ஒருமுறையாவது நடக்க வேண்டும். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

முதலில் நடந்து பாருங்கள்

மலிவான டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டு மூன்று வாங்குங்கள். எல்லாவற்றையும் முதலில் ஒரே மேசையில் சிறிது நேரம் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் நெஞ்சளவு உயரத்தில், வெயிலும் வென்ட் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். கதவுகள் வழக்கம்போல இருக்கட்டும். இரவில் மூடிப் படுப்பவர்களின் கதவு மூடியே இருக்கட்டும்.

சமைக்கும் நேரத்தில், படுக்கப் போகும் நேரத்தில், விடியற்காலையில் என்று பார்த்து எழுதுங்கள். பக்கத்தில் தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். நல்ல குளிர் நாளில் செய்தால் வீட்டின் குணம் தெளிவாகத் தெரியும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் பேஸ்மென்ட் குளிராகவும் மேல்மாடி சூடாகவும் இருப்பது வழமை. ஆனால் கராஜுக்கு மேலுள்ள அறை இந்த விதிக்கு அடங்காது. அதன் தரைக்குக் கீழே இருப்பது சூடேற்றாத கராஜ் காற்று. பர்னஸிலிருந்து அதற்குப் போகும் குழாயும் நீளமானது.

இந்த எண்களைப் பார்த்த பிறகு, தெர்மோஸ்டாட்டின் எண்ணும் நீங்கள் கூடுதல் நேரம் இருக்கும் அறைகளின் எண்களும் ஒன்று, ஒன்றரைப் பாகைக்குள் இருந்தால் இடம் சரி. அதைவிட அதிக வித்தியாசம் இருந்தால், அல்லது சமைக்கும் நேரத்தில் மட்டும் தாவினால், சுவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தச் சுவர்?

வெளிச்சுவர் வேண்டாம். ஒரு பக்கம் மறை பத்தில் இருக்கும் சுவரின் உட்பக்கம் அறைக்காற்றைவிடக் குளிராகத்தான் இருக்கும். அதில் மாட்டிய தெர்மோஸ்டாட், வீடு சூடானபிறகும் குளிர்கிறது என்று பர்னஸை எரித்துக்கொண்டே இருக்கும். வீட்டின் நடுவிலுள்ள, இரு பக்கமும் அறைகள் இருக்கும் உட்சுவரே நல்லது.

மாடி வீட்டில் ஒரேயொரு தெர்மோஸ்டாட் என்றால் நிலத்தளம். மேல்மாடியில் வைத்தால், ஏறிவந்த சூடு அதை விரைவில் திருப்திப்படுத்திவிடும். நிலத்தளமும் பேஸ்மென்டும் பட்டினி கிடக்கும். படிக்கட்டின் அடிவாரமும் வேண்டாம். அங்கே காற்று மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆட்கள் புழங்கும் அறையாக இருக்க வேண்டும். யாரும் இருக்காத ஒடுக்கமான நடை, கதவைத் திறந்தால் அதன் பின்னால் மறையும் சுவர், அலுமாரிக்கு இடைப்பட்ட மூலை, இவற்றில் காற்று அசையாமல் தேங்கி நிற்கும். வீட்டுக்குள்ளிருந்து பர்னஸுக்குக் காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய கிரில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல அறைகளின் காற்று கலந்து அதன் பக்கமாக வரும். அதற்கு அண்மையிலுள்ள சுவர் பெரும்பாலும் நல்ல தெரிவு. சூடான காற்று வெளியே வரும் வென்டுக்கு நேரே மட்டும் வேண்டாம்.

பிறகு, சூடு தரும் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. குசினியைச் சொல்லிவிட்டேன். தொலைக்காட்சி, மேசை விளக்கு, குளிர்பதனப் பெட்டி எல்லாமே கணக்கில் வரும். சாமிப்படத் தட்டுக்கு மேலே தெர்மோஸ்டாட் இருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றினால் வீடு குளிரும். சுவருக்குள்ளேயும் பார்க்க வேண்டும். சூடான காற்றுக் குழாயோ வெந்நீர்க் குழாயோ அந்தச் சுவருக்குள் ஏறினால் வெளியிலிருந்து தெரியாது. பர்னஸ் ஓடும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் கை சொல்லிவிடும்.

வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. கோடையில் யன்னல் வெளிச்சம் படாத சுவரிலும் குளிர்காலத்தில் படலாம், ஏனென்றால் சூரியன் தாழ்வாக நிற்கும்போது கதிர் அறைக்குள் ஆழமாக நுழையும். சனவரி மாத நண்பகலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரும் இதேபோல ஏமாற்றும். பிள்ளைகள் பாடசாலையால் வரும்போது கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் பர்னஸ் துள்ளி எழும்.

உயரம், தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து அடி, அதாவது ஒன்றரை மீற்றர். தரைக்கு அருகே குளிரும் கூரைக்கு அருகே சூடும் தேங்குவதால் நடுவில் வைக்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் நான்கு அடி உயரத்தில் வையுங்கள். அவர் தானே கையை நீட்டி மாற்றக்கூடிய இடத்தில் இருப்பது அந்தச் சிறு வித்தியாசத்தைவிடப் பெரிய விஷயம்.

இடம் பிழை, ஆனால் சுவரை உடைக்க மனமில்லை

நிலத்தளத்தில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றுவது நினைப்பதைவிட இலகு, ஏனென்றால் கீழே பேஸ்மென்ட் இருக்கிறது. பேஸ்மென்டின் கூரை மூடப்படாமல் இருந்தால், பர்னஸிலிருந்து புதிய கேபிளைக் கூரை மரங்கள் வழியே கொண்டுவந்து, தெரிவு செய்த உட்சுவரின் அடிக்கட்டையில் கீழிருந்து துளையிட்டு மேலே ஏற்றலாம். துளையிடுமுன் அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயோ மின்வயரோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். தெர்மோஸ்டாட் கேபிள் என்று கேட்டால் 18/5 தருவார்கள்: 18 கேஜ் தடிப்பில் ஐந்து வயர்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை, 18/8 வாங்குங்கள். நாளைக்கு ஹீற் பம்ப் போட்டால் மிச்ச வயர்கள் உதவும். பழைய கேபிளோடு ஒட்டுப்போட்டு ஒட்டைச் சுவருக்குள் மறைக்காதீர்கள். பர்னஸிலிருந்து ஒரே துண்டாக வரட்டும். வீட்டு மின்வயர்களோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

அதற்கும் வழியில்லை என்றால் தொலை உணரி இருக்கிறது. பட்டரியில் ஓடும் சின்ன வில்லை. வேறொரு அறையில் வைத்தால் அங்குள்ள சூட்டைத் தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்பும். எக்கோபீ 2014இலிருந்து இதைத் தருகிறது. இப்போது வேறு நிறுவனங்களும் தருகின்றன. பகலில் நிலத்தளம், இரவில் படுக்கையறைகள் என்று நேரத்துக்கேற்ப மாற்றலாம். ஓர் எச்சரிக்கை: வீட்டிலேயே மிகக் குளிரான அறையை மட்டும் பார்த்து ஓடும்படி வைத்தால், அந்த அறை 21க்கு வருவதற்குள் மற்ற அறைகள் வியர்க்கும், எரிவாயுப் பில்லும் ஏறும். இரண்டு மூன்று அறைகளின் சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன மார்க்கம் வீட்டில் மாமியின் அறையில் ஓர் உணரி வைத்து, குசினிப் பக்கத்து அளவை இரவில் கணக்கில் எடுக்காமல் விட்டோம். கராஜ் கூரைக்குள் வெப்பக்காப்புப் போடும் வேலையையும் மகன் பிறகு செய்தார். அந்த அறைக்கு உண்மையான மருந்து அதுதான்.

மாட்டும் வேலை

தொடங்குமுன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினால் மெல்லிய பல நிற வயர்கள் சின்னத் திருகாணிகளில் இருக்கின்றனவா, அல்லது தடித்த வயர்கள் இரண்டோ நான்கோ பிளாஸ்டிக் தொப்பிகளால் முறுக்கப்பட்டிருக்கின்றனவா? தடித்தவை என்றால் அது சுவரோர மின் ஹீற்றருக்கான 120 அல்லது 240 வோல்ட். கியூபெக்கில் இது சாதாரணம். ஒன்ராறியோவின் அடுக்குமாடிகளிலும் சிலதில் உண்டு. அங்கே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின்தொழிலாளரைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வது எல்லாம் 24 வோல்ட்டில் ஓடும் மெல்லிய வயர் அமைப்புக்கு மட்டும். பர்னஸ் வாடகைக்கு எடுத்ததென்றால், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். பர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ட் படியின் தலைப்பிலோ ஒரு சுவிட்ச் இருக்கும், பல வீடுகளில் சிவப்புத் தகட்டோடு. அதையும் பிரேக்கரையும் நிறுத்துங்கள். 24 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மின்சாரம் இருக்கும்போது ஆர் வயரும் சி வயரும் தொட்டுக்கொண்டால் பர்னஸ் பலகையிலுள்ள 3 அல்லது 5 அம்பியர் ஃபியூஸ் எரியும். ஃபியூஸ் இல்லாத பழைய பர்னஸில் ட்ரான்ஸ்ஃபோமரே எரியும்.

2. படம் எடுங்கள். எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரிலும் அதன் எழுத்தை எழுதி ஒட்டுங்கள். ஆர் என்பது மின்சாரம் வரும் வயர், டபிள்யூ சூடு, வை ஏசி, ஜி காற்றாடி, சி மின்சாரம் திரும்பிப் போகும் வயர். வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று இதே வரிசையில் இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள். முன்பு வந்தவர் கையிலிருந்த நிறத்தைப் போட்டிருக்கலாம். ஓ அல்லது பி என்ற எழுத்தில் வயர் இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் ஹீற் பம்ப். புதிய கருவி அதற்கு ஏற்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

3. சி வயர் இருக்கிறதா? திரையும் வைஃபையும் உள்ள பெரும்பாலான கருவிகளுக்கு இடைவிடாத மின்சாரம் தேவை. அதைத் தருவது இந்த வயர். பழைய தெர்மோஸ்டாட்டுகளுக்கு இது தேவைப்படாததால் பலர் இணைக்காமல் விட்டிருப்பார்கள். சுவருக்குள் நீல வயர் ஒன்று சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் பர்னஸ் பக்கத்திலும் அதை சி முனையில் இணைக்க வேண்டும். மிச்ச வயரே இல்லையென்றால், சில கருவிகளோடு வரும் இணைப்புப் பெட்டியைப் பர்னஸில் பொருத்தலாம். பர்னஸுக்குள் கை வைக்கத் தயக்கமிருந்தால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

4. கழற்றியதும் வயர்களை ஒரு பென்சிலில் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் சுவருக்குள் விழுந்துவிடும், பிறகு மீட்பது பெரும்பாடு.

5. அடித்தட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, துளைகளைக் குறியுங்கள். இன்றைய கருவிகள் சரிந்திருந்தாலும் வேலை செய்யும், கண்ணுக்காகத்தான் மட்டம். சுவருக்குள் மரக்கால் இல்லாத இடம் என்றால் பிளாஸ்டிக் ஆங்கர் போட்டுத் திருகுங்கள்.

6. சுவர்த் துளையை அடையுங்கள். எல்லோரும் மறப்பது இதை. சுவருக்குள் இருக்கும் குளிர்காற்று, பேஸ்மென்டிலிருந்து ஏறி, வயர் வரும் துளை வழியாகத் தெர்மோஸ்டாட்டின் முதுகில் ஊதிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே சிறந்த சுவரைத் தெரிவு செய்தாலும் இந்தக் காற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கடையில் டக்ட் சீல் என்று கேட்டால், இறுகாத சாம்பல் நிறக் களி தருவார்கள். வயர்களைச் சுற்றி அதை அப்பி அடைத்துவிடுங்கள்.

7. வயர்களை அதே எழுத்துகளில் இணைத்து, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்று வரக்கூடாது, செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. முகப்பை அழுத்திப் பொருத்துங்கள்.

8. பர்னஸைத் திறந்திருந்தால் அதன் கதவை நன்றாக மூடுங்கள். கதவுக்குள் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் பர்னஸ் உயிர்பெறாது. மின்சாரத்தைப் போட்டு, சூட்டைச் சோதியுங்கள், காற்றாடியைச் சோதியுங்கள். ஏசியைக் குளிர்காலத்தில் சோதிக்காதீர்கள். வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஓடவிட்டால் கம்பிரசருக்குக் கேடு. வசந்தம் வரட்டும்.

கழற்றிய பழையதைக் குப்பையில் போடுமுன் உள்ளே பாருங்கள். வெள்ளி நிறத் திரவம் உருளும் கண்ணாடிக் குமிழ் இருந்தால் அது பாதரசம். உடையாமல் ஒரு பையில் போட்டு, ஆபத்தான வீட்டுக் கழிவுகளை வாங்கும் மாநகர நிலையத்தில் கொடுங்கள்.

அமைப்புகளில் சில

மணிக்கு எத்தனை தடவை பர்னஸ் எரியலாம் என்ற அமைப்பைப் பலர் தொடுவதே இல்லை. தொண்ணூறு வீதத்துக்கு மேல் திறனுள்ள எரிவாயுப் பர்னஸுக்கு 3, பழைய வகைக்கு 5 என்பது வழமை. குறைவான தடவை, ஒவ்வொரு தடவையும் கூடுதல் நேரம் எரிந்தால் சூடு தூரத்து அறைகள்வரை போய்ச் சேரும்.

காற்றாடியை மணிக்குக் கால் மணி நேரமாவது சுற்றும்படி வைத்தால், அறைகளுக்கிடையிலான வித்தியாசம் குறையும். நடந்து எடுத்த எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

குளிராக இருக்கிறது என்று தெர்மோஸ்டாட்டை 28க்கு ஏற்றுவது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரே அளவில் எரியும் பர்னஸ், 22 என்றாலும் 28 என்றாலும் அதே வேகத்தில்தான் சூடேற்றும். நிறுத்த மறந்தால் பில்தான் ஏறும்.

சேமிக்க விரும்பினால் இரவிலும் ஆள் இல்லாத நேரத்திலும் இறக்குங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் 7 முதல் 10 பாகை பரன்ஹீற், அதாவது ஏறக்குறைய 4 முதல் 5½ பாகை செல்சியஸ் இறக்கினால், ஆண்டுச் செலவில் பத்து வீதம்வரை மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஹீற் பம்ப் உள்ளவர்கள் அவ்வளவு இறக்காதீர்கள். காலையில் மீண்டும் ஏற்ற, கூடுதல் மின்சாரம் தின்னும் துணை ஹீற்றர் எழுந்துவிடும். வயது போனவர் இருக்கும் வீட்டில் இறக்கத்தை முடிவு செய்ய வேண்டியது பில் அல்ல, அவர் அறையின் எண்.

டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் பர்னஸை அடியோடு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் வீடே நாசம். 15 பாகையில் விட்டு, தண்ணீரின் பிரதான வால்வை மூடி, யாரையாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வீட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று காப்புறுதிப் பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கலாம், போகுமுன் வாசியுங்கள்.

கீழே இருப்பவர்கள்

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. எங்கள் வீடுகளில் பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருப்பது வழமை. புதிதாக வந்த மாணவர்கள், ஒரு கைக்குழந்தையோடு வந்த இளம் குடும்பம், தனியாக இருக்கும் ஓர் ஐயா. தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரரின் இருக்கும் அறையில். மேலே வெயில் அடித்து வீடு சூடாக இருக்கும் நாளில் பர்னஸ் எரியாது, கீழே சில்லிடும். அவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தொட முடியாது. மேலே வந்து கேட்கவும் கூச்சம். அரசாங்கம் கொடுத்த வீடு மாதிரி நினைக்காதேங்கோ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ரொறன்ரோவில் வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பது மாநகரச் சட்டம். அந்த 21 வாடகைக்காரர் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டிய 21. மேலே வீட்டுக்காரரின் சுவரில் தெரியும் 21 அதற்கு ஈடாகாது.

செய்யக்கூடியவை பல. கீழே ஓர் உணரி வைத்து அதையும் சராசரியில் சேருங்கள். நிலத்தளத்துக்குப் போகும் குழாய்களின் அடைப்புகளைச் சிறிது மூடி, கீழ்க்குழாய்களை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாகப் பல வென்டுகளை மூடினால் பர்னஸுக்கு மூச்சு முட்டும். காற்றாடியைச் சுற்றவிடுங்கள். இவையெல்லாம் போதாதென்றால், உரிமம் பெற்றவரைக் கொண்டு கீழே தனியாக ஒரு மின் ஹீற்றரும் அதற்கான தெர்மோஸ்டாட்டும் போட்டுக் கொடுங்கள். தங்கள் அறையின் சூட்டைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கும் வேண்டும்.

ஆகவே, புதிய தெர்மோஸ்டாட்டுக்குக் காசு கட்டுமுன் இந்த வார இறுதியில் அந்த நடையை நடந்துவிடுங்கள். பேஸ்மென்டிலிருந்து கராஜுக்கு மேலுள்ள அறைவரை, ஒவ்வொரு அறையிலும் வெப்பமானியோடு நில்லுங்கள். அங்கே படுப்பவரிடம் "இரவிலை குளிருதோ?" என்று நேரே கேளுங்கள். எழுதிக்கொண்டு வந்த எண்களையும் கிடைத்த பதில்களையும் வைத்துச் சுவரைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு பதில் தேடுவது மிகவும் இலகு.